மூணு மாயாவியும் ஒரு ஆதாரமும்

எங்க அப்பா படிச்ச புத்தகத்துல முக்கால்வாசி லாரி வரிசையில நிக்கும்போது படிச்சது. பெருமைக்குச் சொல்லல, கணக்குக்குத்தான் சொல்றேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்ல சாயங்காலம் லோடு ஏத்தி, தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரைன்னு இறங்கி, விடியறதுக்குள்ள கொல்லத்துல தக்காளியும் முருங்கைக்காயும் இறக்கியாகணும். நடுவுல செக்போஸ்ட். காய்கறி வண்டிக்கு அங்க பெருசா சோலி இல்லைன்னாலும் முன்னாடி நிக்கிற சிமெண்ட் லாரிக்கும் வைக்கோல் லாரிக்கும் பேப்பர் பார்த்து முடியிற வரைக்கும் நம்ம வண்டியும் நிக்கணுமே, மலைப்பாதையில முந்திக்கிட்டா போக முடியும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், ஓணம் சீசன்னா கேக்கவே வேண்டாம். மத்த டிரைவருங்க இறங்கி பீடி பத்த வச்சு ஊர்க்கதை பேசுவாங்க, அப்பா கேபின் லைட்டைப் போட்டுட்டு புக்கை எடுத்துருவார். பேட்டரி இறங்கிரும் அண்ணாச்சின்னு கிளீனர் பையன் கத்திக்கிட்டே இருப்பானாம்.

2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்து, வரி செக்போஸ்ட்டை எல்லாம் எடுத்தாங்க இல்லையா. டிரைவருங்க எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் அன்னைக்கு விடிகாலையில கொல்லத்துல இருந்து எனக்கு போன் போட்டு, "ஏட்டி, வண்டி எங்கயுமே நிக்கல, ஒரு பக்கம்கூட ஓடல"ன்னு வருத்தப்பட்டார். ஜிஎஸ்டியால நஷ்டப்பட்டவங்க பட்டியல்ல இப்படி ஒருத்தர் இருக்கிறது யாருக்கும் தெரியாது.

அப்பா பொறந்தது 1962-ல, செங்கோட்டையில. தாத்தாவுக்கு ஸ்டேஷன் பக்கத்துல டீக்கடை. அப்போ மீட்டர் கேஜ். கொல்லத்துல இருந்து மலையைக் குடைஞ்சு, பதிமூணு கண் பாலத்தைத் தாண்டி வர்ற ரயில்ல பாதிப் பேர் மலையாளம் பேசுவாங்க, பாதிப் பேர் தமிழ் பேசுவாங்க, டீக்கு காசு கொடுக்கும்போது மட்டும் எல்லாரும் ஒரே பாஷைதான்னு தாத்தா சொல்லுவார். ஒருநாள் ரயில்ல வந்த ஒருத்தர் பெஞ்சுல ஒரு சின்ன புக்கை மறந்து வச்சுட்டுப் போயிட்டார், முத்து காமிக்ஸ். 1972-ல சிவகாசியில இருந்து வர ஆரம்பிச்ச காமிக்ஸ் அது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அப்பாவுக்கு பத்து வயசு. அந்த ஆள் திரும்பி வந்து கேட்டா கொடுத்துரணும்னு மூணு நாள் கல்லாப்பெட்டிக்கு மேல வச்சிருந்தாங்களாம், அந்த மூணு நாள்ல அப்பா அதை எத்தனை தடவை படிச்சார்னு அவருக்கே கணக்கில்ல.

மாயாவி கதை தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. லேப்ல நடந்த விபத்துல கை போன ஒருத்தனுக்கு இரும்புக்கை வச்சிருப்பாங்க. கரண்ட் உடம்புல பாய்ஞ்சா ஆள் மறைஞ்சிருவான், இரும்புக்கை மட்டும் மறையாது, அது பாட்டுக்கு அந்தரத்துல மிதந்து போயி பூட்டைத் திறக்கும், கழுத்தை நெரிக்கும். ஒரிஜினலா இங்கிலாந்துல 1962-ல வாரப் பத்திரிகையில தொடரா வந்தது, அங்க அவன் பேரு லூயிஸ் கிராண்டெல். அங்க முதல்ல அவன் வில்லனாத்தான் இருந்தான், அப்புறம்தான் திருந்தி உளவாளி ஆனான். இந்த விஷயத்தை நான் நெட்டுல பார்த்துச் சொன்னப்போ அப்பாவுக்குப் பிடிக்கவே இல்ல. "அவன் பொறந்த வருஷமும் 62, நான் பொறந்ததும் 62, வில்லன்னு சொல்லாத"ன்னுட்டார். தாத்தா வீட்டுல அப்போ கரண்ட் கிடையாது, அரிக்கேன் லைட்டுதான். "கரண்ட் மட்டும் இருந்திருந்தா நான் ப்ளக்குல விரலை விட்டிருப்பேன், நீயும் பொறந்திருக்க மாட்டே, உன் புள்ளையும் பொறந்திருக்காது, ஈபிகாரன் புண்ணியம்"னு இன்னைக்கும் சொல்லுவார்.

எட்டாங்கிளாஸோட படிப்பு நின்னுபோச்சு. டீக்கடை, அப்புறம் பிரானூர்ல மர அறுவை மில்லு, அப்புறம் லாரி கிளீனர். கிளீனரா இருந்தப்போதான் 1984 வந்தது. காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு அந்த வருஷத்தை தனியா சொல்லணும்னு அவசியமில்ல, லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருஷத்துல ஆரம்பிச்சது. மாடஸ்டி பிளைசி, ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, அப்புறம் டெக்ஸ் வில்லர் ஒரு பக்கம், ஜேம்ஸ் பாண்ட் இன்னொரு பக்கம். இருபத்திரெண்டு வயசு ஆம்பளை, சம்பாதிக்கிறவன், மீசை வச்சவன், பஸ் ஸ்டாண்ட் கடையில போயி ஸ்கூல் பசங்களோட பசங்களா நின்னு "புது புக் வந்துட்டா"ன்னு கேப்பானாம். கடைக்காரர் நமட்டுச் சிரிப்பு சிரிச்சா, "தம்பிக்கு"ன்னுருவாராம். அப்பாவுக்கு தம்பியே கிடையாது.

ராணி காமிக்ஸ்ல அப்புறமா இன்னொரு மாயாவி வந்தார். காட்டுக்குள்ள மண்டையோட்டுக் குகையில இருக்கிற முகமூடி போட்டவர், வெளிநாட்டுல லீ ஃபாக் 1936-ல உருவாக்குன ஃபேண்டம். இவரைத்தான் ராணி காமிக்ஸ்காரங்க மாயாவின்னு கூப்பிட்டாங்க. அப்பாவுக்கு இது பெரிய மனக்குறை. "அவர் எங்கட்டி மாயமாகுதார், பட்டப்பகல்ல குதிரையில வருதார், ஊருக்கே தெரியுது, அவர் எப்படி மாயாவி"ன்னு. ஆனாலும் ஒரு இதழையும் விட்டதில்ல. திட்டிக்கிட்டே படிக்கிறதுதான் அவர் ஸ்டைல், டீவியில நியூஸும் அப்படித்தான் பார்ப்பார்.

1994-ல சொந்தமா ஒரு பழைய டாடா 407 லாரி வாங்கினார். அம்மாவோட கல்லு வச்ச தோடு அடகுக்குப் போயி, வட்டி கட்ட முடியாம முழுகிப்போச்சு. இதை ஏன் சொல்றேன்னா எங்க வீட்டுல எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில அந்தத் தோட்டுலதான் வந்து நிக்கும். அந்த வண்டியில டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு தகரப்பெட்டி, அதுல ஜாக்கி, ஸ்பேனர், வேஸ்ட் துணி, கூடவே எண்பது தொண்ணூறு காமிக்ஸ். ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சா ஆரியங்காவு பக்கம் மழை எப்படிப் பெய்யும்னு அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் கேபின் அடியில துரு பிடிச்ச ஓட்டை வழியா தண்ணி ஏறி பெட்டி நிறைஞ்சிருக்கு, யாரும் கவனிக்கல. காமிக்ஸ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிப்போச்சு. பதினோரு புக்குதான் தேறுச்சு. அப்பா அந்த செங்கலை ரொம்ப நாள் தூக்கிப் போடாம மொட்டைமாடியில காய வச்சுப் பார்த்துட்டே இருந்தார்.

அந்த வண்டி வாங்குறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1993-ல தாத்தா தவறிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு டிரங்குப்பெட்டியைத் திறந்தா, அடியில மெழுகுத்துணியில சுத்துன ஒரு பத்திரம். பூராவும் மலையாளம். தாத்தாவோட அப்பா வாங்குன இடத்துக்கான ஆதாரம். மலையாளத்துல பத்திரத்துக்கு ஆதாரம்னுதான் பேரு, எங்க ஊர்ல வயசானவங்க இன்னும் அப்படித்தான் சொல்லுவாங்க. மலைப்பக்கம் நமக்கு ஒரு வயல் இருந்துச்சுன்னு தாத்தா எப்பவாவது சொல்லுவார், யாரும் காதுல வாங்கினதில்ல. இப்போ கையில காயிதம் இருக்கு, வாசிக்கத்தான் ஆளில்ல. அப்பா லாரி மலையாளம் வெளுத்துக் கட்டுவார், கொல்லம் மார்க்கெட்ல லோடு இறக்குறவங்களோட சண்டை போடுற அளவுக்கு மலையாளம் உண்டு, ஆனா ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது, போர்டுல இருக்கிற படத்தை வச்சுத்தான் ஹோட்டலா மெடிக்கல் ஷாப்பான்னு கண்டுபிடிப்பார். புனலூர்ல தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினா, "இது பழைய லிபியாணு சேட்டா, எனக்கு அறியில்லா"ன்னு கையை விரிச்சுட்டார். அப்பாவால படிக்க முடிஞ்சது ஒரே ஒரு விஷயம், நம்பர். 1118.

1118-ல செங்கோட்டையில பத்திரம் எழுதுனாங்களா, அப்போ சோழன் காலமான்னு அப்பா மிரண்டு போயிட்டார். தெருவுல இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான் சிரிச்சுட்டு விளக்குனார், அது கொல்லம் ஆண்டுப்பா, கி.பி. 825-ல ஆரம்பிச்ச கணக்கு, ஆவணி பொறந்தா புது வருஷம், 1118-ன்னா நம்ம 1942–43. அப்பாவுக்கு ஒரு கதவு திறந்த மாதிரி ஆயிருச்சு. நம்ம ஊர்ப் பத்திரம் ஏன் மலையாளத்துல இருக்கு, நம்ம ஊருக்கு ஏன் கொல்லத்து வருஷம், ஊருக்குள்ள நுழையற வளைவுல ஏன் சங்கு முத்திரை, இதையெல்லாம் முப்பது வருஷம் அது கீழயே நடந்து போயிட்டு ஒரு நாள்கூட கேட்டதில்லையேன்னு அவருக்கே வெக்கமா இருந்துச்சாம். அடுத்த வாரமே கிளை நூலகத்துல கார்டு போட்டார்.

அப்படித்தான் அப்பா வரலாறு படிக்க ஆரம்பிச்சது. ராஜா ராணி மேல ஆசைப்பட்டு இல்ல, ஒரு பத்திரத்தைப் படிக்க முடியாத ஆத்திரத்துல.

முதல்ல திருவிதாங்கூர். மார்த்தாண்ட வர்மா, 1741 ஆகஸ்ட் 10 கொளச்சல் சண்டை, டச்சுக்காரனை அடிச்சது, பிடிபட்ட டி லனாய்ங்கிற தளபதியையே பின்னால தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வச்சது. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, "தோத்தவனை வாத்தியாராக்குனான் பாரு, அவன் ராசா"ன்னு இருநூறு தடவையாவது சொல்லிருப்பார். அவரோட டிரிப் நோட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. டீசல் இவ்வளவு, பஞ்சர் இவ்வளவு, மாமூல் இவ்வளவு (இது எங்கன்னு எழுதல, நானும் கேக்கல), அதுக்குக் கீழயே "கொளச்சல் 1741 ஆகஸ்டு", அதுக்கும் கீழ "கத்திரிக்கா 14 சாக்கு பாக்கி". வரலாறும் கத்திரிக்காயும் ஒரே பேனாவுல.

அப்புறம் 1956. இது அவருக்கு படிப்பு இல்ல, குடும்ப விவகாரம். மாநில எல்லைகளைப் பிரிக்கிறதுக்காகப் போட்ட பாசல் அலி கமிஷன் அறிக்கை 1955-ல வந்தது, 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவோட எங்க செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீருமேடும் அங்கயே நின்னுருச்சு. ஆனா பெரும்பாலானவங்க கவனிக்காத ஒண்ணு, செங்கோட்டை தாலுகா முழுசா வரல. ரெண்டா வெட்டித்தான் வந்தது, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு, ஆரியங்காவு பக்கம் அவங்களுக்கு. அப்பா இதைப் படிச்ச அன்னைக்கு வண்டியை ஓரங்கட்டிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாராம். தாத்தா சொன்ன வயல் வெட்டுல எந்தப் பக்கம் போச்சு?

நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். பிரானூர்ல பார்டர் பரோட்டா சாப்பிட எங்கெங்க இருந்தோ கார் போட்டு வர்றாங்க, குத்தாலத்துல குளிச்சுட்டு நேரா அங்கதான். அவங்கள்ல நூத்துக்குப் பத்து பேருக்காவது இது எந்த பார்டர்னு தெரியுமாங்கிறது சந்தேகம். கேரளா பார்டர் அங்க இருந்து மேக்க இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி மலையில இருக்கு. பிரானூர்தான் 56-க்கு முன்னாடி பார்டர், அந்தப் பக்கம் சென்னை மாகாணம், இந்தப் பக்கம் திருவிதாங்கூர். கோடு மலைக்கு நகர்ந்து போயிருச்சு, பேரு பரோட்டாவுல தங்கிருச்சு. இதை அப்பா கடையில பக்கத்து டேபிள்காரங்ககிட்ட எல்லாம் சொல்ல ஆரம்பிச்சுருவார், அம்மா தலையில அடிச்சுக்குவா.

அப்புறம் சோழர், பாண்டியர்னு அப்பா கீழ இறங்கிட்டார். சோழர் வரலாறு எழுதுன நீலகண்ட சாஸ்திரி நம்ம கல்லிடைக்குறிச்சிக்காரர்ங்கிறதுல அவருக்கு சொந்தக்காரன் மாதிரி ஒரு உரிமை. ஆனா புத்தகத்தை முழுசா ஒத்துக்கிட்டதில்ல. ராஜேந்திர சோழன் கங்கை வரை படையெடுத்துப் போன அத்தியாயத்துல அப்பா மார்ஜின்ல பென்சில்ல எழுதி வச்ச கேள்வியை நான் பார்த்திருக்கேன், லைப்ரரி புக்குல எழுதக்கூடாதுன்னு நான் திட்டவும் திட்டினேன், ஆனா கேள்வி நல்ல கேள்விதான்: "இத்தன யானை இத்தன ஆளு. அரிசி எங்க லோடு ஏத்துனாங்க?" அவர் படிச்ச எந்த வரலாற்றுப் புத்தகமும் அவருக்கு அதைச் சொல்லல. ஜெயிச்சவன் பேரு இருக்கு, தோத்தவன் பேரு இருக்கு, கொடை கொடுத்த ஆடு எத்தனைன்னுகூட கல்வெட்டுல இருக்கு, கட்டுச்சோறு தூக்கிட்டுப் போனவன் மட்டும் இல்ல. வண்டி ஓட்டுறவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்னு நினைக்கிறேன், படிச்சவங்களுக்கு வரலையே.

வாஞ்சிநாதன் பத்தியும் படிச்சார், எங்க ஊர்ல பொறந்துட்டு அதைப் படிக்காம இருக்க முடியாது, ஆனா அதை நிறைய பேர் எழுதியாச்சு, விடுங்க.

நான் புனலூர்ல வேலைக்குப் போயி, அங்கயே கல்யாணமும் ஆச்சு, மாப்பிள்ளை மலையாளி. அப்பா ஒண்ணும் சொல்லல, "தாலுகாவே ரெண்டா போச்சு, நீ ஒருத்தி போனா என்ன"ன்னு சிரிச்சார். 2013-ல மக பொறந்தா. வீட்டுல அம்மூம்மா அப்பூப்பன்கிட்ட மலையாளம், என்கிட்ட தமிழ், ஸ்கூல்ல மலையாளம். தமிழ் பேசுவா, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதாவது எங்க அப்பா மலையாளத்துல எப்படியோ அப்படி.

அவளுக்கு தமிழ் சொல்லிக் கொடுக்கணும்னு தென்காசி புத்தகத் திருவிழா, திருநெல்வேலி, எங்க ஸ்டால் போட்டாலும் போயி குழந்தைகள் புக்கா வாங்கிட்டு வருவேன். என்பிடி புக், தூலிகா போட்ட படப் புத்தகங்கள், பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ரன், என்சிபிஎச்ல ஒரு மூலையில கிடந்த பழைய ரஷ்யக் கதை ஒண்ணு, வழவழன்னு காயிதமும் பனியில நரியும். அவ படிக்கிறதுக்கு முன்னாடி அப்பா படிச்சு முடிச்சுருவார். லீவுக்கு நாங்க போனா மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில காலை நீட்டிக்கிட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில வச்சுக்கிட்டு, பதினாறு பக்கப் படக்கதையை அரை மணி நேரம் பார்ப்பார். வார்த்தை கொஞ்சமா இருக்கிறதால சீக்கிரம் முடிஞ்சிரும்னு நாம நினைக்கிறது தப்புன்னு அவரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், காமிக்ஸ் படிச்ச கண்ணு அது, மூலையில வரைஞ்சிருக்கிற எறும்பைக்கூட விடாது. ஆனா விமர்சனம் பயங்கரம். கடைசிப் பக்கத்துல "ஆகவே குழந்தைகளே"ன்னு வந்துட்டா புக்கை மூடி என் மடியில போட்டுருவார். "மாயாவி ஒருநாளாவது பல் தேய்க்கச் சொன்னானா? இவங்களுக்கு மட்டும் என்ன"ம்பார். எனக்கும் அதுல உடன்பாடுதான். டோட்டோ-சான் தமிழ்ல வந்ததை மட்டும் ரெண்டு தடவை படிச்சுட்டு, எட்டாங்கிளாஸ்ல நின்னுபோன தன் படிப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம, "அந்த ஸ்கூலுக்கு ரயில் பெட்டிதான் கிளாஸ் ரூமாம் பாத்தியா"ன்னு மட்டும் சொன்னார். எங்க மீட்டர் கேஜ் ரயிலை 2010-ல நிறுத்திட்டு, அகலப் பாதையாக்கி 2018-லதான் திரும்ப விட்டாங்க, அந்த எட்டு வருஷமும் அப்பாவுக்கு ஸ்டேஷன் பக்கம் போகவே பிடிக்காது.

இப்போ மூணாவது மாயாவிக்கு வர்றேன். மக ஒருநாள் "தாத்தா, நிங்களுக்கு மாயாவி அறியுமோ"ன்னு கேட்டா. அப்பாவுக்கு முகம் பூரா பல்லு. "அறியுமாவா! பத்து வயசுல இருந்து தெரியும் மக்ளே"ன்னு ஆரம்பிச்சு, லேப் விபத்து, கரண்ட், இரும்புக்கைன்னு சொல்லிட்டே போறார், புள்ள முழிக்குது. அவ சொன்னது பாலரமாங்கிற மலையாளக் குழந்தைகள் பத்திரிகையில வர்ற மாயாவி. கேரளாவுல பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச குட்டிப் பிசாசு, நல்ல பிசாசு. காட்டுக்குள்ள ராஜுவும் ராதாவும் அவனோட ஃபிரெண்ட்ஸ், குட்டூசன்னு ஒரு மந்திரவாதியும் டாகினின்னு ஒரு கிழவியும் அவனைப் பிடிச்சு குப்பியில அடைக்கப் பார்ப்பாங்க, லுட்டாப்பின்னு ஒரு பொல்லாத குட்டிச்சாத்தான் ஈட்டி மேல பறப்பான். அந்த மாயாவி ஆரம்பிச்சதும் அதே 1984-லதான்னு சொன்னதும் அப்பா, "அப்போ நான் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாயாவியை வச்சுக்கிட்டு நிக்குதேன், அந்தப் பக்கம் இன்னொருத்தன் நிக்கான், எனக்குத் தெரியலையே"ன்னார். நிஜமாவே ஏமாந்து போன மாதிரி முகம். தெரியாம போனதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, மலையாளம் படிக்கத் தெரியாதது.

அதுக்கு நடுவுல என் மாமியார் பூம்பாட்டான்னு தான் சின்ன வயசுல படிச்ச புக்கைப் பத்திப் பேச, அதுல வர்ற வால் நீளுற குரங்கைப் பத்திச் சொல்ல, அப்பா "கபீஷ்!"னு கத்திட்டார். அதே குரங்கு பூந்தளிர்ல தமிழ்ல வந்தது, ரெண்டையும் போட்டது எர்ணாகுளத்து பைக்கோ கம்பெனிதான், பூந்தளிருக்கு நம்ம வாண்டுமாமா ஆசிரியர். சம்பந்தியம்மாகிட்ட அதுவரைக்கும் "சாப்பிட்டாச்சா, சுகமா"ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன், அன்னைக்கு பண்டிலா யானையைப் பத்தியும் தோபாயா வேட்டைக்காரனைப் பத்தியும் முக்கா மணி நேரம் பேசினார். நானும் என் வீட்டுக்காரரும் கிச்சன்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தோம்.

2019-ல முதுகு வலின்னு வண்டியைக் கொடுத்துட்டார். அடுத்த வருஷம் கொரோனா. சுமார் 50 கிலோமீட்டர் தூரம், இ-பாஸ் இல்லாம நகர முடியாது. வாழ்க்கை பூரா ராத்திரி ராத்திரி தாண்டின எல்லைக் கோட்டை அவரால தாண்ட முடியல. மக ரெண்டாங்கிளாஸ். ஜூன் 1-ம் தேதி கேரளா அரசாங்கத்தோட கைட் விக்டர்ஸ் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்னு டீவி கிளாஸ் ஆரம்பிச்சாங்க, யூடியூப்லயும் வரும். ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு மிட்டுப் பூனை தங்குப் பூனை கதை சொன்ன டீச்சர் வீடியோ எல்லா போனுக்கும் வந்தது ஞாபகம் இருக்கும். அதை மக தாத்தாவுக்கு அனுப்பி விட்டா. மறுநாள் அப்பா போன் பண்ணி, "இதுல அடுத்த பாடம் எப்போ"ங்கிறார்.

ஐம்பத்தெட்டு வயசுல எங்க அப்பா செங்கோட்டையில உக்காந்து கேரளா அரசாங்கத்தோட ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்தார். ஃபீஸ் இல்ல, யூனிஃபார்ம் இல்ல. சாயங்காலம் வீடியோ கால்ல மக டெஸ்ட் வைப்பா. ப, ண, ற எல்லாம் கிட்டத்தட்ட நம்ம எழுத்து மாதிரியே இருக்குன்னு முதல் வாரம் துள்ளினார், ரெண்டாவது வாரம் ஒரு 'க'வுக்கு நாலு 'க' இருக்குன்னு தெரிஞ்சதும் "எதுக்கு மக்ளே நாலு, ஒண்ணை வச்சு நாங்க ரெண்டாயிரம் வருஷம் ஓட்டலையா"ன்னு சண்டை போட்டார். "தாத்தா, சும்மா எழுதுங்க"ன்னு அவ அதட்டுவா. தப்பா எழுதினா பத்து தடவை இம்போசிஷன், அதை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பணும். அனுப்புவார்.

பதிலுக்கு அவர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பாடப் புத்தகம் கிடையாது, மழையில தப்பிச்ச பதினோரு காமிக்ஸ்தான். ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புவார், அவ வாசிச்சு வாய்ஸ் மெசேஜ் போடணும். இதுல ஒரு சிக்கல் வந்தது, நான் எதிர்பார்க்கவே இல்ல. என்கிட்ட தமிழ் எழுத்து எல்லாம் படிச்சு முடிச்ச புள்ள, காமிக்ஸ்ல 'லை'கிட்ட வந்து முட்டி நிக்குது. பழைய லை, தும்பிக்கை தூக்குன யானை மாதிரி இருக்குமே அது. தமிழ்ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல, அதுக்கு முந்தின காமிக்ஸ்ல பழைய லை, ணை, றா, னா எல்லாம் அப்படியே இருக்கு. "தாத்தா, ஈ ஆனை எந்தா"ன்னு அவ கேட்டதுல இருந்து எங்க வீட்டுல லை-க்கு ஆனை எழுத்துன்னு பேரு.

அப்போதான் அப்பாவுக்கு பொறி தட்டியிருக்கு. புனலூர்க்காரர் அன்னைக்கு பழைய லிபின்னாரே, அது இதுதானான்னு. அதேதான். மலையாளத்துல 1971-ல எழுத்தைச் சீர்திருத்தினாங்க. அதுக்கு முன்னாடி நம்ம கு, சு, டு, மு மாதிரி உகரம் ஒவ்வொரு எழுத்தோடயும் ஒவ்வொரு விதமா ஒட்டிக்கிட்டு இருக்கும், கூட்டெழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். புதுசுல எல்லாத்தையும் பிரிச்சு தனித்தனியா வச்சுட்டாங்க. அப்பா படிச்சது புதுசு, பத்திரம் பழசு, அதுலயும் கையெழுத்து.

இ-பாஸ் எல்லாம் எடுத்த பிறகு நாங்க ஊருக்குப் போனப்போ அப்பா பாலரமாவை எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டினார். லுட்டாப்பி பேசுறதை லுட்டாப்பி குரல்லயே. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, எழுந்து உள்ள போயிட்டேன். அன்னைக்கு ராத்திரி டிரங்குப்பெட்டியில இருந்து மெழுகுத்துணி வெளிய வந்தது.

அதுல இருந்து ஒவ்வொரு லீவுக்கும் தாத்தாவும் பேத்தியும் அந்தப் பத்திரத்தோட உக்காருவாங்க. லென்ஸ் ஒண்ணு, ஒரு அம்பது பக்க நோட்டு, பென்சில். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை தேறினா பெருசு. போன ஓணம் லீவுல எல்லை சொல்ற இடத்துக்கு வந்துட்டாங்க. கிழக்குன்னு ஒரு வார்த்தை தெரியுது, அதுக்கு அடுத்தது மடிப்புல கிழிஞ்சு போயிருக்கு. தெக்க யாரோ ஒருத்தர் பேரு, முழுசா வரல. மேக்குல ரெண்டே எழுத்து. அப்பா லென்ஸை வச்சு, மெதுவா, "தோ... டு. தோடு"ன்னு வாசிச்சார். வாசிச்சுட்டு நிமிர்ந்து எங்க எல்லாரையும் பார்க்கிறார். "மேக்க தோடா? வயலுக்கு மேக்க எவனாவது கம்மலை எல்லையா வைப்பானாட்டி?"

மக விழுந்து விழுந்து சிரிக்கிறா. "ஐயோ தாத்தா, தோடுன்னா ஓடை! வெள்ளம் போகும்லா, அது!"

அப்பா நோட்டுல "மேற்கு - ஓடை"ன்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டார். மலையில ஓடைக்கா பஞ்சம், எந்த ஓடைன்னு எங்க போயி தேடுறது. அடுப்படியில இருந்து அம்மா குரல் மட்டும் வந்தது.

"இந்தாருங்க, தோடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்கள்லா, அப்படியே அதைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுங்க."

அப்பா காதுல விழாத மாதிரி லென்ஸைத் துடைச்சுட்டு வடக்குப் பக்கம் வாசிக்க ஆரம்பிச்சார்.